கார்பைட்டுக் கிட்டங்கியில் ஒரு குடம் தண்ணீர்

எங்கள் ஊருக்கு இப்போது சர்க்கார் தீயணைப்பு நிலையம் வந்திருக்கிறது. சிவப்பு லாரி வந்திருக்கிறது. அதில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம்.

"அய்யா, மூஞ்சிக்கு மாஸ்க் இல்லாம, கோட்டு இல்லாம எப்படி நெருப்புக்குள்ள போனீக?" என்று ஒருவன் கேட்டான்.

ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனோம், இருமிக்கொண்டு வெளியே வந்தோம் என்றேன். சொல்வதற்கு அதில் வேறு ஒன்றும் இல்லை. அவன் நோட்டில் 'வீரம்' என்று எழுதி அடிக்கோடு போட்டதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ எழுத வேண்டாம், நானே எழுதித் தருகிறேன், ஒரு எழுத்தை மாற்றாமல் போடு என்று சொல்லி அனுப்பினேன். போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிட்டேன்.

என் பெயர் ஒச்சப்பன். தேனியில் ஒரு ஜின்னிங் மில்லில் இருபத்தெட்டு வருஷம் பிட்டர் வேலை பார்த்தேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சாக்கிப் பொதி கட்டுகிற மில். பஞ்சு இருக்கிற இடத்தில் நெருப்பு வரும். அதற்காக மில்லில் ஒரு கைப்பம்பு வண்டி வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு நாலு பேர் நின்று தண்டை மாற்றி மாற்றி அமுக்கினால், கான்வாஸ் குழாய் வழியாகத் தண்ணீர் இரண்டு மாடி உயரம் போகும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் தீயணைக்க வேறு எதுவும் கிடையாது. ஊரில் எங்கே பற்றினாலும் மில் வாசலுக்குத்தான் ஓடி வருவார்கள். நாங்கள் பதினாறு பேர் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவோம். சம்பளம் கிடையாது. யுத்தம் வந்தபோது சர்க்கார் எங்களுக்குத் தொண்டர் படை என்று பெயர் வைத்தது. கையில் கட்டச் சிவப்புத் துணியும் ஆளுக்கு ஒரு விசிலும் கொடுத்தது. பம்பு கொடுக்கவில்லை.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மில் சங்கு ஊதியதும் ஒரு மணி நேரம் குழாயை விரிப்போம், சுருட்டுவோம், ஏணி ஏறுவோம், கீழே விழுவோம். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

படைக்குத் தலைவர் மில்லின் எஞ்சின் ரூம் மேஸ்திரி. சாமுவேல் என்று பெயர். மதுரைக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவார், மற்ற ஆறு நாளும் எஞ்சினோடு இருப்பார். எங்களை எல்லாம் 'நீங்க' என்றுதான் பேசுவார். நான் ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால் திட்டமாட்டார். என் கையில் ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். நான் முடுக்கி முடிக்கும்வரை நிற்பார். திட்டு வாங்குவது அதைவிட எவ்வளவோ மேல்.

நெருப்பு எரிகிற இடத்துக்குப் போனதும் அவர் முதலில் பம்பைத் தொடவிடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். ஊரே கத்திக்கொண்டிருக்கும். அவர் பாட்டுக்கு நடப்பார். கதவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மூக்கால் மோந்து பார்ப்பார். மூக்குப்பொடி போடுகிறவனைப் படையில் சேர்க்கவே மாட்டார். சுற்றி வந்த பிறகு வீட்டுக்காரரிடமோ கடைக்காரரிடமோ ஒரே கேள்வி கேட்பார். "உள்ள என்ன இருக்கு?"

மூன்று தடவை கேட்பார். முதல் தடவை சொல்வது பொய் என்பார் அவர். இரண்டாவது தடவை பாதிப் பொய். கண்ட்ரோல் காலம் அது. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, டயருக்குக் கட்டுப்பாடு, எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. கிட்டங்கியில் என்ன வைத்திருக்கிறான் என்று எந்த வியாபாரி சொல்வான்? கூரை பற்றி எரியும்போதுகூட "சும்மா காலிச் சாக்குதான்" என்பான். காலிச் சாக்கு என்று நம்பிப் போய்த்தான் எங்களில் ஒருவனுக்கு ஆசிட் ஜாடி உடைந்து கால் வெந்தது.

இனி குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது தெரியாவிட்டால் மீதி புரியாது.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு முறை இருந்தது. ஊரில் ஒரு இடத்தில் தீப்பிடித்தால் வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். பகையாளி வீடாக இருந்தாலும் ஊற்ற வேண்டும். பகையாளி வீடு என்றால் கட்டாயம் ஊற்ற வேண்டும். 'ஊத்தாதவன் வச்சவன்' என்பார்கள். ஒரு குடம் ஊற்றாதவன்தான் நெருப்பு வைத்தவன் என்று அர்த்தம். நல்ல முறைதான். ஆனால் வருகிறவன் எங்கே ஊற்றுகிறோம், எதில் ஊற்றுகிறோம் என்று பார்க்கமாட்டான். ஊற்றினது நாலு பேர் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தடவை பஜாரில் மண்ணெண்ணெய்க் கடை பற்றியது. நாங்கள் போவதற்குள் ஜனங்கள் குடம் குடமாக ஊற்றிவிட்டார்கள். எண்ணெய் தண்ணீர் மேல் ஏறி மிதந்து, எரிந்துகொண்டே சாக்கடை வழியாகத் தெருவைத் தாண்டிப் போனது. எதிர்ச் சாரியில் இருந்த மாட்டுக் கொட்டத்துக்குள் புகுந்தது. கட்டியிருந்த இரண்டு காளைகளை அவிழ்க்க முடியவில்லை. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு நாங்கள் கரி பூசிய முகத்தோடு உட்கார்ந்திருந்தோம். அடுத்த தடவை ஒருத்தன் குடத்தோடு வந்தால் கம்பால் அடித்துத் துரத்தணும் என்றேன் நான்.

"நெருப்புக்கே பயப்படாம ஓடி வர்றாக. உங்க கம்புக்கா பயப்படப் போறாக?" என்றார் மேஸ்திரி. பிறகு, "எதுக்கு ஊத்துறாக, ஒச்சப்பன்?" என்று கேட்டார்.

"ஊத்தலைன்னா பேரு கெட்டுப்போகும் மேஸ்திரி."

"அப்ப அவுகளுக்கு வேண்டியது பேருதான். தண்ணி எங்க விழுந்தா என்ன?"

அடுத்த வாரமே மில் தச்சரை வைத்து ஒரு பெரிய மரத்தொட்டி செய்யச் சொன்னார். வண்டிக்குப் பின்னால் அதையும் கட்டி இழுத்துப் போவோம். நெருப்புக்கு நாற்பது ஐம்பது அடி முன்னால், தெருவை மறித்து வைப்போம். குடத்தோடு வருகிறவர்கள் அதில்தான் ஊற்ற வேண்டும். அங்கிருந்து பம்பு எடுத்துக்கொள்ளும். தொட்டிக்கரையில் ஒரு ஆள் நின்று, ஊற்றினவர்கள் வீட்டைச் சொல்லி ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட வேண்டும். "மேலத்தெரு கருப்பாயி வீட்டுக் குடம் வந்திருச்சு!" கூப்பிட்டால் கணக்கில் சேர்ந்தது. கேட்டவர்கள் எல்லாம் சாட்சி.

கூப்பிடுகிற வேலை எனக்கு. மில் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை. எல்லா வீடும் தெரியும்.

ஜனங்களுக்கு இது பிடித்துப்போனது. முன்னே விட அதிகமாகவே வந்தார்கள். ஒரு தடவை கூரை பற்றி எரிந்துகொண்டிருக்கிறது, ஒரு கிழவி காலிக் குடத்தால் என் விலாவில் இடித்தாள்.

"ஏலே, யாரைப் பாத்துடா சின்னவீடுன்னு கூப்பிட்ட? நாங்கதான்டா பெரியவீடு. அந்தத் தட்டுக்கெட்டவுகதான் சின்னவீடு. மாத்திக் கூப்பிடு!"

மாற்றிக் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தாள். மேஸ்திரி சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெட்கத்துக்குப் பயந்து சாகிற கூட்டம் எங்கள் கூட்டம். மில் வேலையாக மேஸ்திரியோடு காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போயிருந்தபோது இன்னொன்று பார்த்தேன். ஒரு தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்திருந்தார்கள். வெடித்த புகை அடியில் தங்கிவிட்டது. இறங்கினவன் விழுந்தான். அவனைத் தூக்க அண்ணன் இறங்கினான். அவனும் விழுந்தான். மூன்றாவது தம்பி தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். மேஸ்திரி கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கினார். பாதிக் கிணற்றில் அணைந்துவிட்டது. "விளக்கு இருக்க முடியாத இடத்துல நீங்க இருக்க முடியுமா?" என்று கேட்டார். "ரெண்டு பேரைக் குடுத்துட்டு நான் மேல நின்னா ஊரு காறித் துப்பாதா?" என்று அவன் திமிறினான். நாலு பேர் அவன் மேல் ஏறி உட்கார்ந்தோம். வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி, காற்று மாறியபின் இரண்டு பிணத்தை எடுத்தோம். நாங்கள் கிளம்பும்வரை அவன் மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையில் வைதுகொண்டிருந்தான். உயிரோடு இருந்ததால்தானே வைதான்.

இப்போது கிட்டங்கிக்கு வருகிறேன்.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று போடி ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சரக்கெல்லாம் மாட்டு வண்டியிலும், பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து அந்த கேஸில் ஓடுகிற கரி கேஸ் லாரியிலும் வந்து தேனிக் கிட்டங்கிகளில் குவிந்தது. தங்கையா முதலாளி என்று ஒருவர். மலைத் தோட்டங்களுக்குச் சாமான் அனுப்புகிறவர். அவர் கிட்டங்கிக்குப் பின்சுவரை ஒட்டி வீரணன் என்பவரின் வைக்கோல் படப்பு. அந்தச் சந்து யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகக் கோர்ட்டில் வழக்கு. பேச்சு வார்த்தை கிடையாது.

வீரணன் என் அக்கா பேச்சியின் புருஷன். எனக்கு மச்சான். எனக்கும் அவருக்கும்கூடப் பேச்சு வார்த்தை கிடையாது. அதற்கு நாலு மாதம் முன்பு அவர் அடித்ததில் அக்காவின் இடது மணிக்கட்டு முறிந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு மாதம் கிடந்தாள். அப்புறம் அவளாகவே திரும்பிப் போனாள். நான் அவரை வெட்டுவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சந்தை நாள், மத்தியானம் தாண்டி இருக்கும். படப்பு பற்றிவிட்டது என்று ஆள் வந்தது. சங்கு ஊதினோம். நாங்கள் போனபோது படப்பு முழுதாக எரிகிறது. கிட்டங்கியின் பின்பக்க ஓட்டுக்கூரையில் மரச்சட்டம் புகைய ஆரம்பித்துவிட்டது. சந்தைக் கூட்டம் அப்படியே அங்கே திரும்பிவிட்டது. கூட்டத்தில் ஒரே பேச்சு: "வீரணன் தன் படப்பையே கொளுத்தி முதலாளி கிட்டங்கியைச் சாய்ச்சுட்டான்யா." உண்மை அது இல்லை. லாரி டிரைவர் ஒருவன் தன் லாரியின் கரி அடுப்பைக் கிளறிக் கங்கைச் சந்தில் கொட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். அது பிறகுதான் தெரிந்தது.

மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கிட்டங்கிக் கதவருகில் நின்று மோந்து பார்த்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஏலக்காச் சாக்கு மேஸ்திரி."

"உள்ள என்ன இருக்கு?"

"சாக்கும் காலி டின்னும்."

"வெள்ளைப்பூண்டு வாசம் வருது. உள்ள என்ன இருக்கு?"

முதலாளி அவர் முகத்தைப் பார்த்தார். என்னவோ அன்றைக்கு அந்த மனுஷனுக்கு உண்மை வந்துவிட்டது. "கார்பைட்டுக் கல்லு. ஒம்போது டிரம்மு. பின் சன்னலுக்குக் கீழ இருக்குறது ஓரம் பிரிஞ்சு கெடக்கு."

கார்பைட்டுக் கல் இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்போது ஊர்வல விளக்குக்கும் தோட்டத்து விளக்குக்கும் அதுதான். சும்மா கிடந்தால் கல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பூண்டு நாற்றத்தோடு கேஸ் கக்கும். மூடின இடத்தில் அந்த கேஸ் நிறைந்து நெருப்பைத் தொட்டால் வெடி. தண்ணீரால் அணைக்கிற நெருப்பு இல்லை அது. தண்ணீர்தான் அதற்குத் தீக்குச்சி.

மேஸ்திரி அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பம்பு படப்பைத் தாண்டித் தெற்கு வீடுகளுக்கு மட்டும் அடிக்க வேண்டும். கிட்டங்கிப் பக்கம் குழாய் மூக்கைத் திருப்பவே கூடாது. பக்கத்தில் கட்டிட வேலைக்குக் கொட்டியிருந்த காய்ந்த மணலைச் சாக்கில் அள்ளச் சொன்னார். அவரும் மொக்கையனும் உள்ளே போய் டிரம்களை ஒவ்வொன்றாக முன்வாசல் வழியே உருட்டி வெளியே தள்ளுவது. பிரிந்ததை மணல் போட்டு மூடிக் கடைசியில் எடுப்பது. மொக்கையன் பஞ்சை அமுக்கிப் பொதியாக்குகிற பேல் பிரஸ்ஸில் வேலை பார்த்தவன், யானை பலம்.

என்னிடம் வந்தார். "ஒச்சப்பன், தொட்டியை இன்னும் தள்ளி வைங்க. தெரு முக்குல. ஒரு குடம் அந்தத் தொட்டியைத் தாண்டி வரக்கூடாது. வந்தவுக எல்லாரையும் கூப்பிடுங்க. கூப்பிடாம ஒருத்தரையும் திருப்பி அனுப்பாதீங்க."

சொல்லிவிட்டு ஈரமில்லாத சாக்கை எடுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். ஈரச் சாக்கு அன்றைக்கு ஆகாது.

குடங்கள் வந்தன. நான் கூப்பிட்டேன். முதல் டிரம் உருண்டு வெளியே வந்தது. இரண்டாவது வந்தது. ஜனங்கள் ஊற்றிக்கொண்டே எண்ணினார்கள். ஐந்தாவது டிரம் வந்தபோது வீரணன் மச்சான் தொட்டிக்கு வந்தார். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு வழி விட்டது. பித்தளைக் குடம். அக்காவுக்கு எங்கள் வீட்டில் சீராகக் கொடுத்தது. தொட்டியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நான் பார்த்தேன். அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து, "தச்சர் பாண்டி வீட்டுக் குடம் வந்திருச்சு!" என்று கூப்பிட்டேன்.

"மாப்ள, நான் ஊத்திட்டேன்" என்றார் மச்சான்.

"பாத்தேன்."

"கூப்பிடு."

"நகருங்க. பின்னால ஆளு நிக்குது."

"ஏலே ஒச்சு, நம்ம சண்டை வேற, இது வேற. ஊரே என்னைத்தான் பாக்குது. கூப்பிடுடா."

நான் அடுத்த வீட்டைக் கூப்பிட்டேன். கூட்டத்தில் எவனோ ஒருவன், "என்னப்பா, படப்புக்காரரு வெறுங்குடத்தையா கவுத்தாரு? பேரே கேக்கலையே!" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு இனித்தது. மறைக்க ஒன்றும் இல்லை. நன்றாக இனித்தது. அக்காவின் கையை நினைத்துக்கொண்டேன்.

மச்சான் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

ஏழாவது டிரம் வந்தது. எட்டாவது வந்தது. இன்னும் ஒன்றுதான். அப்போது கிட்டங்கிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எங்கள் கூப்பாட்டையே அவர் கூப்பிட்டார்.

"வீரணன் வீட்டுக் குடம் வந்திருச்சு! எல்லாரும் பாத்துக்கங்க! நல்லாப் பாத்துக்கங்க!"

படப்பு எரிகிற அந்த வெக்கையில், தன் வீட்டுக் கொல்லை வழியாகப் புகுந்து, சுவரில் ஏறி நின்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக் கூரைகள் மேல் நின்ற ஜனம் எல்லாம் பார்க்கிற இடம். குடத்தைப் பின் சன்னல் வழியாக உள்ளே கவிழ்த்தார்.

உள்ளே நடந்தது மொக்கையன் சொன்னது. மணல் மூட்டை மேல் தண்ணீர் விழுந்து இறங்கியது. தாளிக்கிற மாதிரி ஒரு சீற்றம். பூண்டு நாற்றம் மூச்சை அடைத்தது. மேலே சட்டத்தில் கங்கு. மேஸ்திரி ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "வெளிய." சொல்லிக்கொண்டே மொக்கையனை முதுகில் கைவைத்து வாசல் பக்கம் தள்ளினார். அவனைப்போல் பாதி எடை இருப்பார். எப்படித் தள்ளினாரோ.

ஓடுகள் தெரு முக்குவரை வந்து விழுந்தன. தொட்டித் தண்ணீரில் ஓட்டுத் துண்டுகள் விழுந்தன. பின்சுவர் முழுதும் சரிந்தது.

மேஸ்திரியை எடுத்தபோது உயிர் இருந்தது. ஒரு கட்டிலில் போட்டோம். பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தங்கையா முதலாளியின் கரி கேஸ் லாரி நின்றது. பெட்ரோல் வண்டி என்றால் உடனே கிளம்பும். கரி வண்டிக்கு அடுப்பைப் பற்றவைத்து, ஊதுகாற்றாடியைக் கையால் சுற்றி, கேஸ் வந்த பிறகுதான் எஞ்சின் பிடிக்கும். நெருப்பை அணைக்க வந்த நாங்கள் முறை வைத்து நெருப்பை ஊதிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் ஆனது. கட்டில் வெயிலில் இருந்தது. ஒருவர் வேட்டியைப் பிடித்து நிழல் காட்டினார்.

நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன். அவருக்கு நினைவு இருந்தது.

"மொக்கையன் வந்துட்டாரா?"

"வந்துட்டான் மேஸ்திரி."

"தண்ணி எப்படி வந்துச்சு?"

"தெரியல மேஸ்திரி."

பிறகு, "எல்லாரையும் கூப்பிட்டீங்கள்ல?" என்றார்.

"எல்லாரையும் கூப்பிட்டேன்" என்றேன்.

லட்சுமிபுரம் தாண்டுவதற்குள் போய்விட்டார்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். மில் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மச்சானையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முகம் வெந்து ஒரு கண் போயிருந்தது. "நான் முதல்ல தொட்டியிலதான் ஊத்துனேன் சாமி. என் பேரைக் கூப்பிடல. அதனாலதான் பின்னால போனேன்" என்று சொன்னார். தொட்டியில் நின்றது யார் என்று அதிகாரி கேட்டார். நான் முன்னால் போனேன்.

"இந்த ஆள் தொட்டிக்கு வந்தானா?"

"வரலைங்க" என்றேன்.

அங்கே நின்றவர்களில் ஆறேழு பேரைக் கேட்டார். அவர்கள் எல்லோரும் மச்சானை என் பக்கத்தில் பார்த்தவர்கள். ஆனாலும் வரவில்லை என்று சொல்ல ஒருவர்கூடத் தயங்கவில்லை. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பெயர் கூப்பிட்டால்தான் குடம் வந்தது என்று நாங்கள்தானே அவர்களுக்குப் பழக்கினோம். பெயர் காதில் விழவில்லை. அப்படியானால் குடம் வரவில்லை.

வழக்கு நிற்கவில்லை. ஊர் தண்டித்தது. கொலைகாரன் என்றார்கள். கடையில் சாமான் கொடுக்கவில்லை. கிணற்றில் அக்கா வாளியை இறக்கினால் மற்றவர்கள் தங்கள் வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வருஷம் பார்த்துவிட்டு, வீட்டை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் கூடலூருக்குப் போனார்கள். அங்கே மச்சான் ஒரு ஏலக்காய்க் களத்தில் காவலுக்கு இருந்தார். அக்கா களத்தில் காய் பொறுக்கினாள்.

என்னை மேஸ்திரி இடத்தில் வைத்தார்கள். சர்க்கார் நிலையம் வரும்வரை நான்தான் படைக்குத் தலைவன். நிலையம் திறந்த அன்று எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையை எடுத்து எரிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியில் கிடக்கிறது.

ரிட்டையர் ஆன வருஷம் கூடலூர் போனேன். அக்கா களத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். மச்சான் குடிசை வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். வெந்த கண் வெள்ளையாக இருந்தது. "வா மாப்ள, இங்கன உக்காரு" என்றார். நேற்றுப் பார்த்த மாதிரி சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமென்றே கூப்பிடவில்லை என்றேன். அதிகாரியிடம் வரவில்லை என்று சொன்னதும் வேண்டுமென்றே சொன்னது என்றேன். மேஸ்திரி கேட்டபோதும் பொய் சொன்னேன் என்றேன்.

அவர் கயிற்றை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"ஊர்ல சொன்னியா?"

"இல்ல."

"அந்த அதிகாரிக்கு?"

"இல்ல மச்சான்."

"உங்கக்காகிட்ட?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குடா வந்து சொல்ற? எனக்குத்தான் அது தெரியுமே."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

போன மழைக்காலத்தில் மச்சான் இறந்துபோனார். மச்சினன் செய்ய வேண்டியதைச் செய்யப் போனேன். எல்லோரும் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது கை இன்னும் சரியாக மடங்காது அவளுக்கு.

"அடிப்பாரு, வைவாரு. பொய் மட்டும் பேச மாட்டாருடா ஒச்சு. அந்தக் குடத்து விசயத்துல மட்டும், தொட்டியில ஊத்துனேன் ஊத்துனேன்னு சாகுறவரைக்கும் எங்கிட்ட பொய்யே சொன்னாரு. அதை மட்டும் என்னால பொறுக்க முடியல. ஒரு நாளாவது ஒத்துக்கிட்டிருக்கலாம்."

காரியம் முடிந்ததும் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இந்த மலர் அச்சாகி வந்தால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு கூடலூர் போக வேண்டும். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும்.